அச்சான பக்கம் பொய்யாகலாமா?

(ரொறன்ரோவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இத்தகைய மேடையில் சங்க இலக்கியம் பற்றியோ சிலம்பு பற்றியோ பேசுவதே மரபு. நான் காமிக்ஸ் வாசகர்களின் சண்டைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு நாயகன் ஐம்பது, அறுபது ஆண்டுகளாக இதழ்தோறும் வாழ்கிறான். ஒருநாள் ஒரு பதிப்பாசிரியர் அவனுடைய திருமணத்தை நீக்குகிறார், அல்லது அவனைக் கொல்கிறார், அல்லது அவன் இதுவரை வாழ்ந்ததெல்லாம் வேறு விதம் என்று அறிவிக்கிறார். உடனே வாசகர்கள் கொதித்தெழுகிறார்கள். கடிதம் எழுதுகிறார்கள், சந்தாவை நிறுத்துகிறார்கள், கடை வாசலில் நின்று மணிக்கணக்காக வாதாடுகிறார்கள். வெளியில் நின்று பார்ப்பவருக்கு இது வளர்ந்தவர்களின் சிறுபிள்ளைத்தனம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சண்டையில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை வாசகர்களே பல நேரம் சரியாகச் சொல்வதில்லை என்பதுதான் என் எண்ணம்.

இதைப் பேச ரொறன்ரோவைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. மேற்குக் கிங் வீதிப் பக்கம் போனால் ஜோ ஷஸ்டர் வழி என்று ஒரு சிறு தெரு இருக்கிறது. சூப்பர்மேனை முதன்முதலில் வரைந்த ஜோ ஷஸ்டர் 1914இல் இந்த நகரத்தில் பிறந்தவர். குடியேறி வந்த யூதக் குடும்பம், வறுமை. சிறுவனாக இருந்தபோது இங்கே தெருவில் டெய்லி ஸ்டார் நாளிதழ் விற்றவர். பத்து வயதளவில் குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குப் போனது. அங்கே பள்ளித் தோழனாகக் கிடைத்தவர் ஜெர்ரி சீகல். ஒருவர் எழுத, மற்றவர் வரைய, 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் வந்தான். அவனுக்கு வேலை கொடுத்த நாளிதழின் பெயரும் டெய்லி ஸ்டார்தான். இரண்டே ஆண்டுகளில் அது டெய்லி பிளானட் ஆக மாறியது. ஷஸ்டரின் சிறுவயது அந்தக் கதையில் வைத்திருந்த சிறு தடயம், மாற்றங்களில் முதலாவதாக அழிந்தது.

அந்த முதல் சூப்பர்மேனை இன்று பார்த்தால் பலருக்கு அடையாளம் தெரியாது. அவன் பறக்கமாட்டான், தாவுவான். வேற்றுக்கிரகப் படைகளோடு மோதமாட்டான். மனைவியை அடிப்பவனையும், தொழிலாளரைப் பாதுகாப்பற்ற சுரங்கத்தில் இறக்கும் முதலாளியையும், ஊழல் அரசியல்வாதியையும் தேடிப் போவான். 1939 ஜனவரியில் வந்த ஒரு கதையில், சேரிகளைத் தானே இடித்துத் தள்ளி, அரசு அங்கே நல்ல வீடுகள் கட்டியே ஆகவேண்டிய நிலையை உண்டாக்குகிறான். பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த இரு ஏழைப் பையன்களின் கோபம் அது. விற்பனை ஏறியதும் பதிப்பகம் அந்தக் கோபத்தைத் தணித்தது. அவன் காவல்துறைக்கு நண்பன் ஆனான்.

சீகல் 1940இல் ஒரு கதை எழுதினார். அதில் சூப்பர்மேன் தான் யார் என்பதைச் சக நிருபரான லோயிஸ் லேனிடம் சொல்லிவிடுகிறான். அதன்பின் அவள் ஏமாற்றப்படுகிற பெண் அல்ல, கூட்டாளி. பதிப்பகம் அந்தக் கதையை வெளியிடவில்லை. நாயகன் தன் ரகசியத்தை லோயிஸிடம் மனம்விட்டுச் சொல்லும் கதை நிலைத்த வரலாறாக அச்சேற 1991 ஆயிற்று. படைத்தவரே கேட்ட மாற்றத்துக்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் காத்திருப்பு! எல்லா உரிமையையும் 130 டாலருக்கு விற்றுவிட்டவர் என்பதால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வழக்குப் போட்டார், வேலை போனது. பின்னர் பெயரில்லாமல் அதே பதிப்பகத்துக்கு எழுதினார். மறுபடி உரிமை கேட்டார், மறுபடி வேலை போனது. 1975இல், பத்திரிகைகளில் விஷயம் பெரிதாக வெடித்த பிறகுதான் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், கதையின் முகப்பில் அவர்கள் பெயரும் கிடைத்தன. ஷஸ்டருக்கு அப்போது பார்வை ஏறக்குறையப் போய்விட்டது.

இரண்டாம் முறை வேலை போன அந்த இடைக்காலத்தில் சீகல் என்ன செய்தார் என்பது தமிழ் வாசகர்களாகிய நமக்கு மிக முக்கியம். லண்டனிலிருந்து வந்த லயன் என்ற வார இதழுக்கு எழுதினார். 1965இல் அந்த இதழில் தொடங்கிய ஸ்பைடர் தொடரின் முதல் கதைகளை டெட் கோவன் எழுதினார், ரெக் பன் வரைந்தார். பிறகு எழுதும் பொறுப்பு சீகலிடம் வந்தது. கூரிய காது, கருநிற உடை, வலைத் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் ஊர்தி. இந்த ஸ்பைடரை உங்களில் பலருக்குத் தெரியும். 1984இல் சிவகாசியிலிருந்து எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் அவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ‘எத்தனுக்கு எத்தன்’ என்று கேட்டவுடன் முகம் மலர்கிற தலைமுறை ஒன்று இந்த அவையிலேயே இருக்கிறது.

ஆக, ரொறன்ரோவில் பிறந்த ஓவியரின் தோழர் நியூயோர்க்கில் வேலை இழந்து, லண்டனுக்கு எழுதி, அந்தக் கதை சிவகாசி அச்சகத்தில் தமிழாகி, யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கும் மதுரைப் பேருந்து நிலையத்துக்கும் வந்து, அதைப் படித்த பிள்ளைகள் வளர்ந்து இன்று ஸ்காபரோவில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் வார இதழ்கள் அக்காலத்தில் எழுதியவர் பெயரை அச்சிடுவதில்லை. எனவே சூப்பர்மேனைப் படைத்தவர் எழுதியது என்று தெரியாமலே நாம் படித்தோம்.

ஸ்பைடர் நல்லவனாகத் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாவதுதான் அவன் ஆசை. பூட்டுடைக்கும் ராய் ஆர்டினியையும் பேராசிரியர் பெல்ஹமையும் சேர்த்துக்கொண்டு கொள்ளைப் படை திரட்டுகிறான். சீகல் எழுத வந்தபின், தன்னைவிடக் கொடியவர்களோடு மோதி மோதி, மெல்ல நீதியின் பக்கம் சாய்கிறான். ஆனால் அவனது அகந்தை போகவில்லை. நல்லது செய்யும்போதும் தன் பெருமைக்காகவே செய்கிறான். முந்தைய ஸ்பைடர் இறந்து புதியவன் வரவில்லை. முந்தையவனே திரும்பினான், பழைய குணத்தின் வடுவோடு.

இரும்புக்கை மாயாவியும் இப்படித்தான். 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் கென் பல்மர் எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைய வந்த தொடர் அது. மின்சாரம் பாய்ந்தால் லூயி கிராண்டெலின் உடல் மறைந்துவிடும், எஃகுக் கை மட்டும் தெரியும். முதல் கதையில் அந்த வல்லமை தலைக்கேறி அவன் குற்றவாளியாகிறான். பிற்காலத்தில் நிழற்படை என்ற உளவுத்துறையின் நம்பிக்கைக்குரிய ஏஜெண்ட். இடையில் கொஞ்சக் காலம், அமெரிக்க நாயகர்களின் மோகம் லண்டனைப் பிடித்தபோது, அவனுக்கும் இறுக்கமான விசேட உடை மாட்டிவிட்டார்கள். அந்த உடை நிலைக்கவில்லை. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. தமிழில் மூலத்தின் கால வரிசையெல்லாம் பார்க்காமல் கதைகள் வந்தன. ஆனாலும் வாசகர்கள் தம் மனத்தில் ஒரு வரிசையை அமைத்துக்கொண்டார்கள். இந்தச் சாகசம் முந்தியதா பிந்தியதா, அப்போது அவன் யாருக்கு வேலை செய்தான் என்று பிள்ளைகள் வாதாடித் தீர்த்தார்கள். பதிப்பகம் தராத தொடர்ச்சியை வாசகர்கள் உண்டாக்கினார்கள். இன்று நான் சொல்ல வந்ததன் விதை இதுதான்.

நம்மவர் மாற்றங்களும் உண்டு. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், லீ ஃபால்க்கின் முகமூடி வேதாளரைப் பதிப்பித்தபோது, அவர் வாழும் நாட்டின் பெயர் வங்காளத்தை நினைவூட்டுகிறது என்று டெங்காலி ஆக்கியது. கடற்கொள்ளையர் கூட்டமான சிங் சகோதரர்கள் சிங்கா ஆனார்கள். முதல் வேதாளரின் தந்தையைக் கொன்றவன் பெயர் ராமா. அதை ராமாலு என்று மாற்றினார்கள். உள்ளூர் மனம் புண்படக்கூடாது என்ற அக்கறையால் செய்த இந்த மாற்றங்களுக்கு யாரும் கொடிபிடிக்கவில்லை. கதையின் எலும்பில் கைவைக்கவில்லை என்பதே காரணம்.

அதே வேதாளருக்கு லீ ஃபால்க் 1977இல் டயானாவோடு திருமணம் செய்துவைத்தார். கதை தொடங்கியது 1936இல். நாற்பத்தோர் ஆண்டுக் காதல்! இரண்டு ஆண்டில் கிட், ஹெலோயிஸ் என்று இரட்டைப் பிள்ளைகளும் பிறந்தார்கள். கட்டைப் பிரம்மச்சாரியாகக் குகையில் வாழ்ந்தவர் குடும்பஸ்தர் ஆனது எவ்வளவு பெரிய மாற்றம். ஆயினும் அது ஒட்டிக்கொண்டது. படைத்தவர் கையாலேயே, நடந்தவற்றிலிருந்து விளைந்த மாற்றம் என்பதால் பழைய கதை எதுவும் அதனால் செத்துப்போகவில்லை. காத்திருந்த டயானாவின் பழைய கதைகள் இன்னும் கனம் பெற்றன.

இனி எதிர்ப்பக்கம் பார்ப்போம். ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரும் மேரி ஜேனும் 1987இல் மணந்தார்கள். இருபது ஆண்டுகள் அந்தத் திருமணத்தோடு வாசகர்கள் வாழ்ந்தார்கள். தலைமைப் பதிப்பாசிரியர் ஜோ கெசாடாவுக்கு அது பிடிக்கவில்லை. மணமானவன் வயதானவனாகத் தெரிகிறான், இளம் வாசகர் ஒட்டமாட்டார்கள் என்பது அவர் வாதம். விவாகரத்துச் செய்யவைத்தாலும் வயது கூடித்தான் தெரியும். எனவே 2007இல் வந்த ‘ஒன் மோர் டே’ கதையில், குண்டடிபட்ட மே அத்தையின் உயிருக்கு ஈடாக, பீட்டரும் மேரி ஜேனும் தம் திருமணத்தை மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் கொடுத்துவிடுகிறார்கள். திருமணம் முறியவில்லை. நடக்கவே இல்லை என்றாயிற்று. எழுதிய மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியே இறுதிப் பகுதியிலிருந்து தன் பெயரை எடுத்துவிட எண்ணியதாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்கு வந்த எதிர்ப்பைப் பலர் ‘மாற்றத்தை ஏற்கமாட்டாத கூட்டம்’ என்று ஒதுக்கினார்கள். அது தவறான நோயறிதல். இந்த வாசகர்கள், 1973இல் பீட்டரின் காதலி குவென் ஸ்டேசி இறந்ததை ஏற்றுக்கொண்டவர்களின் வழிவந்தவர்கள். அழுதார்கள், திட்டினார்கள், ஆனால் அந்தக் கதையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். மரணம் பழைய பக்கங்களைப் பொய்யாக்கவில்லை. அவற்றின்மேல் ஒரு நிழலை வீழ்த்தியது, அவ்வளவே. ‘நடக்கவே இல்லை’ என்பது வேறு. நீ காசு கொடுத்து வாங்கியது, இரவில் படித்தது, நம்பியது எல்லாம் இல்லை என்று சொல்வது. வாசகரின் மனம் உடைவது இங்கேதான். தம் நாயகன் மாறிவிட்டான் என்று அவர்கள் சொல்கிறார்கள். தம் வாசிப்பை அழித்துவிட்டார்கள் என்று சொல்லவேண்டும்.

பழைய கதையைத் திருத்தும் இதே வேலையை மரியாதையோடு செய்யலாம் என்பதற்கும் சான்று உண்டு. கேப்டன் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரின் முடிவில் பனியில் உறைந்துபோனான் என்று 1964இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கதை அமைத்தார்கள். அப்படியானால் 1950களில் கம்யூனிஸ்டுகளை விரட்டி அடித்த கேப்டன் அமெரிக்கா இதழ்கள் என்னவாகும்? சுலபமாக மறந்துவிட்டிருக்கலாம். 1972இல் ஸ்டீவ் எங்கில்ஹார்ட் அவற்றை மறக்க மறுத்தார். அந்த ஆண்டுகளில் தோன்றியவன் வேறொருவன். நாயகனின் பெயரையும் முகத்தையும் எடுத்துக்கொண்டு, குறையுள்ள மருந்தால் புத்தி பேதலித்து, எங்கும் எதிரிகளையே கண்டவன் என்று எழுதினார். உண்மையான நாயகன் அந்தத் தன் சாயலோடு மோதவேண்டி வந்தது. பழைய பக்கம் ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. ஒரு நாடு தன் அச்சத்தின் காலத்தை நேருக்கு நேர் பார்க்கவும் அந்த மாற்றம் வழிசெய்தது. நான் படித்த திருத்தங்களில் இதைவிடச் சிறந்தது இல்லை.

நமக்கு இது புதிதா? இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கிச் சென்றான் என்று வான்மீகி பாடியதை, பன்னசாலையோடும் நிலத்தோடும் பெயர்த்தெடுத்தான் என்று கம்பன் மாற்றினான். வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தைச் சேர்த்தான். வான்மீகியை இல்லாமல் ஆக்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, பட்டிமன்றம் பட்டிமன்றமாக நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். எது இடைச்செருகல், எது கம்பன் வாக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் பாடபேதம் பார்த்தவர்களின் வழிவந்த நாம், எந்த இதழ் நிலைத்த வரலாறு என்று அடித்துக்கொள்ளும் காமிக்ஸ் வாசகரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. இருவர் செய்வதும் ஒரே தொழில். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்தபோதுகூட, கதை முடிந்த விதத்தை ஏற்காத வாசகர்களின் கேள்விகளுக்கு விடையாக ஒரு முடிவுரை எழுத நேர்ந்தது.

வாசகர் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. 1988இல் பேட்மேனின் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் வாழ வேண்டுமா, சாக வேண்டுமா என்று பதிப்பகம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. ஓர் அழைப்புக்கு ஐம்பது சதம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், வாழட்டும் என்று 5,271 அழைப்புகள். எழுபத்திரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். கதையில் அவன் அடிபட்டுச் சாகும் காட்சி இன்றும் பார்க்கக் கூசுகிறது. கதை சொல்பவர் தன் பொறுப்பைச் சந்தைக்குக் கைமாற்றிக் கொடுத்தால் வாசகர் கூட்டமாக மாறிவிடுவார் என்பதற்கு இது எச்சரிக்கை. வாதம் செய்கிற வாசகரும் வாக்குப் போடுகிற வாசகரும் ஒருவரல்லர்.

இன்னும் கசப்பான பக்கம் ஒன்றிருக்கிறது. 2014இல் கறுப்பினத்தவரான சாம் வில்சன் கேப்டன் அமெரிக்கா ஆனபோது, பழமையின் மேல் உள்ள அன்பு என்ற போர்வையில் நிறவெறியே பேசியது. அதை மறைக்கக்கூடாது. பழைய பக்கம் பொய்யாகிறதா என்ற என் அளவுகோல் இங்கேயும் உதவுகிறது என்று நம்புகிறேன். சாம் வில்சன் 1969 முதல் அந்தக் கதைகளில் ஃபால்கனாக இருப்பவர். முதுமையடைந்த நண்பன் தன் கேடயத்தை அவரிடம் ஒப்படைக்கிறான். எந்தப் பழைய பக்கம் பொய்யானது? ஒன்றும் இல்லை. அப்படியிருக்கக் கோபம் வந்தால், அந்தக் கோபம் கதையைப் பற்றியது அல்ல.

சூப்பர்மேனின் மகன் ஜோனைப் பற்றியும் ஒரு சொல். 2011இல் டிசி பதிப்பகம் தன் உலகம் முழுவதையும் புதிதாகத் தொடங்கியபோது சூப்பர்மேனாகிய கிளார்க்குக்கும் லோயிஸுக்கும் நடந்த திருமணம் காணாமல் போனது. வாசகர் விடவில்லை. சில ஆண்டுகளில், பழைய கிளார்க்கும் லோயிஸும் ஒரு மகனோடு திரும்பி வந்தார்கள். 2016 முதல் வந்த அந்தக் கதைகளில் ஜோன் பத்து வயதுப் பையன். பண்ணை வீட்டில் அப்பா அவனுக்கு வல்லமையையும் பணிவையும் கற்றுக்கொடுப்பதைப் படித்து எத்தனையோ பெற்றோர் தம் பிள்ளைகளோடு சேர்ந்து அந்த இதழை வாங்கினார்கள். 2018இல் எழுத்தாளர் மாறினார். பையன் பாட்டனோடு விண்வெளிக்குப் போனான். பெற்றோருக்குச் சில வாரங்கள் கழிந்திருக்க, பதினேழு வயது இளைஞனாகத் திரும்பினான். வளர்ப்பதற்கென்று கிடைத்த ஏழு ஆண்டுகளை அந்தத் தாய் தகப்பனிடமிருந்தும் வாசகரிடமிருந்தும் பறித்துவிட்டார்கள். பிள்ளைகள் வளர்வதைத் தூரத்திலிருந்து பார்க்க நேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்த இழப்பையே ஆழமாகப் பேசியிருந்தால் பெரிய கதையாகியிருக்கும். பதின்வயது நாயகன் தேவை என்ற கணக்கு அதற்குப் பொறுமை காட்டவில்லை.

இப்போது நம் பக்கத்து ஊருக்கு வருகிறேன். 2014இல் வந்த மிஸ் மார்வெல், கமலா கான் என்ற பாகிஸ்தானிய அமெரிக்கச் சிறுமி. எழுதியவர் வில்லோ வில்சன், பதிப்பாசிரியர் சனா அமனாத், வரைந்தவர் கனடாக்காரர் ஏட்ரியன் அல்ஃபோனா. அவளுடைய வீட்டில் ஒவ்வொரு இரவும் நடக்கும் வாக்குவாதம், நேரத்துக்கு வீடு திரும்பாத மகள், கவலைப்படும் அம்மா, அண்ணனின் பக்தி எல்லாம் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரத்து வீடுகளில் நடப்பவை. அந்த மார்க்கம் நகரத்தில் வளர்ந்த இமான் வெல்லானி என்ற மாணவி, இதழ்களை எண் வாரியாக மனப்பாடமாகச் சொல்லும் தீவிர வாசகி, 2022இல் தொலைக்காட்சியில் கமலாவாகவே நடித்தார்.

மறு ஆண்டு மே மாதம் கமலாவைக் கொன்றார்கள். அவளுடைய சொந்த இதழில்கூட இல்லை. ஸ்பைடர்மேன் தொடரின் 26ஆம் இதழில், வேறொருத்தியின் உருவம் எடுத்து, இன்னொருவரின் கதைக்காக அவள் இறக்கிறாள். வாசகருக்கு, முக்கியமாகத் தெற்காசியப் பெண் வாசகருக்கு, அது எவ்வளவு பெரிய அவமதிப்பு! எங்கள் பிள்ளை சாகும்போதுகூட அவள் பெயரில் ஒரு கதை இல்லையா என்று கேட்டார்கள். இரண்டே மாதத்தில் அவளை உயிர்ப்பித்து, இனி அவள் பிறவியிலேயே வல்லமை கொண்ட மியூட்டன்ட் இனத்தவளும் என்று அறிவித்தார்கள். திரைத்தொடர் முன்பே அப்படிச் சொல்லியிருந்தது, காமிக்ஸ் அதற்கு ஏற்ப வளைக்கப்பட்டது. கோபத்துக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

பிறகு நடந்ததுதான் என்னை இந்த உரைக்குத் தூண்டியது. அந்தப் புதிய கமலாவின் கதையை 2023 ஆகஸ்டு முதல் சபீர் பிர்சாதாவோடு சேர்ந்து எழுதியவர் அதே இமான் வெல்லானி. வேறு யாரோ எடுத்த முடிவு அவர் கையில் வந்து சேர்ந்தது. கமலா செத்ததை வெல்லானி மறைக்கவில்லை, பழைய அடையாளத்தைத் துடைக்கவுமில்லை. தனக்குள் இரண்டு வரலாறு இருப்பதை ஏற்கத் திணறும் பெண்ணாகக் கமலாவை எழுதினார். அவள் ஜெர்சி நகரத்துப் பிள்ளை, முன்பு ஒரு இனம், இப்போது இன்னொன்றும். எல்லாரும் அவளுக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள், அவள் எதையும் விட்டுக்கொடுக்க மறுக்கிறாள். பதிப்பகத்தின் வணிகத் தேவையால் வந்த மாற்றத்தை ஒரு வாசகியின் நினைவு மனிதக் கதையாக்கியது. ஈழமா, கனடாவா, தமிழா, இரண்டுமா என்று கேட்கப்பட்டு வளரும் நம் பிள்ளைகள் அந்தச் சில இதழ்களைப் படிக்கவேண்டும்.

வாசகர் சண்டையே இல்லாத நாயகர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கும் இந்த நகரமே சாட்சி. 1940 டிசம்பரில், போர்க்கால அந்நியச் செலாவணிச் சட்டத்தால் அமெரிக்க காமிக்ஸ் கனடாவுக்குள் வருவது நின்றது. அந்த வெற்றிடத்தில் ரொறன்ரோவின் பெல் ஃபீச்சர்ஸ் போன்ற பதிப்பகங்கள் கறுப்பு வெள்ளையில் சொந்த இதழ்கள் கொண்டுவந்தன. 1941இல் ஏட்ரியன் டிங்கிள் வடதுருவ ஒளியின் பெண்ணான நெல்வானாவைப் படைத்தார். வொண்டர் வுமனுக்குச் சில மாதம் மூத்தவள் இவள். போர் முடிந்து அமெரிக்க இதழ்கள் திரும்பியதும் 1947க்குள் எல்லாம் ஓய்ந்தது. அவளை மாற்றவோ கொல்லவோ யாரும் மெனக்கெடவில்லை. மறந்தார்கள், அவ்வளவுதான். இலங்கையில் 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி பிரசுரங்கள் போன்ற உள்நாட்டுத் தமிழ்ப் பதிப்பு தழைத்ததையும், பின்னர் தளர்ந்ததையும் அறிந்த நமக்கு நெல்வானாவின் கதை புரியும். அறுபதாண்டுக்கு மேல் கழித்து ஹோப் நிக்கல்சன், ரேச்சல் ரிச்சி என்ற இரு பெண்கள் வாசகரிடம் பணம் திரட்டி அவளைத் தேடியெடுத்துப் புத்தகமாக்கினார்கள்.

தமிழ் காமிக்ஸ் உலகத்தில் இன்று நடக்கும் பெரிய வாதம் மறுபதிப்பு பற்றியது. 2012இல் லயன், முத்து இதழ்கள் புத்துயிர் பெற்று, வண்ணத்தில், நல்ல தாளில் ஐரோப்பியக் கதைகளைக் கொண்டுவரத் தொடங்கின. புதிய வாசகர் மகிழ்ந்தார்கள். பழையவர்களோ மாயாவி எங்கே, ஸ்பைடர் எங்கே, இரும்பு மனிதன் ஆர்ச்சி எங்கே என்று விடாமல் கேட்கிறார்கள். ஈரோடு புத்தகத் திருவிழாவில் கூடும்போதெல்லாம் இந்த வாதம் நடக்கிறது. அறுபதுகளின் கதைகள் இன்று எடுபடாது, வில்லன்கள் சிரிப்பை வரவழைக்கிறார்கள், பழைய நினைப்பில் மூழ்குவது வளர்ச்சிக்குத் தடை என்கிறது ஒரு தரப்பு. கலை அளவில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நானும் புதிய கதைகளையே அதிகம் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் இந்த அவையில் உள்ளவர்களை நினைத்துப் பாருங்கள். இடம்பெயரும்போது பெட்டி நிறைந்த மாயாவி இதழ்களை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் எத்தனை பேர். அவர்களுக்கு மறுபதிப்பு என்பது பழைய நினைப்பில் மூழ்குவதல்ல. அழிந்த பக்கம் திரும்ப அச்சேறுவது. மாற்றத்தை ஆதரிக்கும் தரப்பு அந்தக் கோரிக்கையின் கனத்தை உணரவேண்டும்.

மறுபதிப்பு கேட்பவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாயாவியை மட்டும் கேட்காதீர்கள். ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரையும் கேளுங்கள். ஸ்பைடர் வரும்போது முகப்பில் ஜெர்ரி சீகல், டெட் கோவன், ரெக் பன் பெயர்கள் வரவேண்டும் என்று எழுதுங்கள். அமெரிக்காவில் 1975 வரை சீகலுக்கு மறுக்கப்பட்டதை, அறியாமல் என்றாலும், நாமும் மறுத்துவந்தோம்.

இன்னொன்றை இந்த அறக்கட்டளையின் முன் வைக்கிறேன். முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்களில் வந்த வாசகர் கடிதங்கள் மட்டமான தாளில் மஞ்சளாகிப் பொடிந்துகொண்டிருக்கின்றன. எந்த ஊர்ப் பிள்ளை எந்தக் கதைக்காக என்ன வாதாடியது என்பதற்கு அவையே ஆவணம். நூலகம் நிறுவனம் ஈழத்து அச்சுப் பொருள்களை எண்ணிமப்படுத்திக் காப்பதை அறிவீர்கள். கதைப் பக்கங்களுக்கு உரிமைச் சிக்கல் உண்டு. கடிதப் பக்கங்களுக்காவது பதிப்பகங்களிடம் அனுமதி கேட்டு, இங்குள்ள வீடுகளில் தப்பிப் பிழைத்த இதழ்களிலிருந்து அவற்றைப் படியெடுக்கும் பணியை இந்த ஆண்டே தொடங்கலாம். நிலவறைப் பெட்டியில் ஒன்றிரண்டு இதழ் வைத்திருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளர்களிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கங்கள் இருந்தால் போதும்.